பொன்முலாம் பூசிய பழைய பிரெஞ்சுக் கடிகாரம் சேமிப்பாகுமா?

கேள்வி: பாரிஸில் வேலை செய்கிறேன். கையில் 8,000 யூரோ இருக்கிறது. கணப்பு மேடைமேல் வைக்கும், பொன்முலாம் பூசிய வெண்கலக் கடிகாரம் ஒன்று துருவோ ஏலக்கூடத்துக்கு வருகிறது. நெப்போலியன் காலத்தது என்றும், 6,000 யூரோ வரை போகும் என்றும் சொல்கிறார்கள். வங்கியில் போடுவதைவிட இதை வாங்கி வைத்தால் விலை ஏறும் என்கிறார் நண்பர். வாங்கலாமா?

பதில்: ஆசைக்காக வாங்கினால் நான் தடை சொல்லமாட்டேன்; சேமிப்பென்று நினைத்து வாங்க வேண்டாம். ஏலம் 6,000 யூரோவில் முடிந்து, ஏலக்கூடக் கட்டணம் 25 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், நீங்கள் செலுத்துவது 7,500 யூரோ. பின்னாளில் அதே 6,000 யூரோவுக்கு விற்றால், விற்பனைத் தரகாகப் பத்து விழுக்காடு கழிவதோடு, 5,000 யூரோவைத் தாண்டும் பழம்பொருள் விற்பனைக்குப் பிரெஞ்சு அரசு விதிக்கும் 6.5 விழுக்காட்டு வரியும் போய், கைக்கு வருவது 5,010 யூரோ மட்டுமே. போட்ட முதலை மீட்கவே ஏலவிலை ஏறத்தாழ 9,000 யூரோவை எட்ட வேண்டும். கணப்பு மேடையே இல்லாத வீடுகள் பெருகிவிட்ட காலத்தில் அத்தகைய ஏற்றத்தை நான் எதிர்பார்க்கமாட்டேன்.

இந்த வரி லாபத்தின்மீது அல்லாமல் விற்ற தொகை முழுவதன்மீதும் விதிக்கப்படுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆயினும், வாங்கிய நாளையும் விலையையும் காட்டும் ரசீது இருந்தால், லாபத்துக்கு மட்டும் வரி கட்டும் முறையை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். அம்முறையில் நட்டத்துக்கு விற்றால் வரி இல்லை, 22 ஆண்டுகள் வைத்திருந்து விற்றால் லாபத்துக்கும் வரி இல்லை.

பொருளைப் பற்றியும் ஒரு சொல். ஏலப் பட்டியலில் 'எபோக் ஆம்பீர்' (முதலாம் நெப்போலியனின் பேரரசுக் காலம்) என்றிருந்தால், கடிகாரம் அக்காலத்திலேயே செய்யப்பட்டது என்பதற்கு, 1981ஆம் ஆண்டு அரசாணையின்படி, விற்பவர் பொறுப்பாகிறார். 'ஸ்தீல் ஆம்பீர்' (அக்காலப் பாணி) என்றிருந்தால் அந்தப் பொறுப்பு அவருக்கு இல்லை. இயந்திரத்தின் பின்தகட்டில் 1855ஆம் ஆண்டுக் கண்காட்சிப் பதக்கத்தின் முத்திரை தெரிந்தால், அந்த இயந்திரம் நெப்போலியன் காலத்ததாக இருக்க வழியில்லை. ஊசல் பட்டு நூலில் தொங்குவது இயந்திரம் பழையது என்பதற்கு நல்ல அறிகுறிதான், ஆனால் பழைய இயந்திரத்தைப் பிற்காலக் கூட்டில் பொருத்திவிடுவதும் உண்டு. அடிப்பக்கக் கீறலில் மஞ்சளுக்குப் பதிலாகச் சாம்பல் நிறம் தெரிந்தால், அது வெண்கலமன்று, துத்தநாகக் கலவை. பாதரசத்தோடு சேர்த்து நெருப்பில் ஏற்றிய பழைய முலாமை நீக்கி மின்முலாம் பூசியிருந்தாலும் மதிப்புக் குறையும்.

இந்த 8,000 யூரோ உங்கள் அவசரத் தேவைக்கான பணமாயின், லிவ்ரே ஆ என்னும் பிரெஞ்சு வங்கிச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள்; 22,950 யூரோ வரை போடலாம், வட்டிக்கு வரியில்லை, வேண்டியபோது எடுத்துக்கொள்ளலாம். அது ஏற்கெனவே நிரம்பியிருந்து, கடிகாரத்தின்மீது உங்களுக்கே ஆசையும் இருந்தால், ஏலத்துக்கு முன் பொருள்களைப் பார்வைக்கு வைக்கும் நாளில் கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். பழுதுபார்க்கும் செலவும் வரும் என்பதால் 6,000 யூரோவைத் தாண்டிக் கேட்காதீர்கள். வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.