கடல் அட்டை பிடிப்பது எப்படிக் குற்றமானது?

நாடாளுமன்றத்தில் ஓட்டுப் போட்டுத்தான் கடல் அட்டையை (கடலடியில் வாழும், வெள்ளரிக்காய் வடிவ உயிரினம்) பிடிக்கத் தடை செய்தார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. ஓட்டு நடந்தது 1972-இல், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு. அதன் 61-ஆம் பிரிவு, அட்டவணையில் ஓர் உயிரினத்தைச் சேர்க்கவோ நீக்கவோ மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஓர் அறிவிக்கை போதும். 2001-இல் அப்படித்தான் கடல் அட்டை முதல் அட்டவணைக்குள் வந்தது. அதில் உள்ள உயிரினத்தைப் பிடித்தால் குற்றம். புலி இருக்கும் அதே அட்டவணை!

வந்த விதம் இவ்வளவுதான். விளைவுதான் பெரிய கதை. மண்டபம், கீழக்கரைப் பக்கம் மூச்சடக்கி முக்குளித்து அட்டை எடுத்தவர்கள், அதை அவித்துக் காயவைத்து ஏற்றுமதிக்கு அனுப்பியவர்கள் என்று பலருக்குப் பிழைப்பு போனது. எதிரே இலங்கையில் உரிமம் வாங்கினால் அதே அட்டையைப் பிடிக்கலாம். அப்புறம் கேட்கவா வேண்டும், இங்கிருந்து அங்கே கடத்தல் வளர்ந்தது. அழிந்துவரும் உயிரைக் காப்பது சரி. ஆனால் முழுத்தடைக்குப் பதில் அளவும் பருவமும் வைத்திருக்கலாம் என்பது என் கருத்து. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளை நிறுத்தி, நிவாரணமும் கொடுக்கிறார்களே, அந்த மாதிரி.

தடையை நீக்கவும் புதுச் சட்டம் தேவையில்லை. அதே 61-ஆம் பிரிவின்கீழ் இன்னோர் அறிவிக்கை போதும். மீனவர் சங்கங்கள் அதைத்தான் கேட்டு வருகின்றன.