காரில் பின்பக்க ஸ்பீக்கர் மாட்டிய பிறகு பேஸ் (பாட்டின் கனத்த, தாழ்ந்த ஒலி) குறைந்துவிட்டது, ஏன்?

பெரும்பாலும் ஏதோ ஒரு ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் மாறியிருக்கும். இந்தத் திசைப் பொருத்தத்தைத்தான் போலாரிட்டி என்கிறோம். ஸ்பீக்கரின் கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. ஒயர் மாறினால் ஒன்று வெளியே தள்ளும்போது இன்னொன்று உள்ளே இழுக்கும். ஒரே கதவை இருவர் இரண்டு பக்கமும் நின்று தள்ளுவது போலத்தான். இருவரும் உழைப்பார்கள், கதவு அசையாது. பேஸின் அலைகள் நீளமானவை, அதனால் அடிபடுவது முதலில் அதுதான்.

சோதிப்பது சுலபம். ஒயரைக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பேட்டரியை ஸ்பீக்கர் முனைகளில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். கூம்பு வெளியே துள்ளினால், பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ். தனியாக வாங்கும் கார் ஸ்டீரியோக்களில் பொதுவாகப் பின் இடதுக்குப் பச்சை ஒயர், பின் வலதுக்கு ஊதா. கறுப்புக் கோடு போட்டது மைனஸ். அப்புறம், ஸ்பீக்கர் விளிம்பில் இடைவெளி இருந்தால் ஃபோம் ஒட்டி அடைத்துவிடுங்கள், அதுவும் பேஸைத் தின்னும்.

ஒயர் மாறினால் ஸ்பீக்கர் எரிந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். எரியாது, மாற்றிப் போட்டால் சரியாகிவிடும்.