வீல் ஜாபைத் தொட்டதை சத்தத்தை வைத்துப் பிடிக்க முடியுமா?

கேள்வி: கோவையில் ஜாப் ஒர்க் பட்டறை வைத்திருக்கிறேன். சிஎன்சி சிலிண்டிரிக்கல் கிரைண்டிங் மெஷினில் வீல் (சாணைச் சக்கரம்) ஜாபை, அதாவது தேய்க்க வேண்டிய உலோகத் துண்டைத் தொடும்வரை மெதுவான ஃபீடில் (முன்னேறும் வேகத்தில்) சும்மா காற்றில்தான் ஓடுகிறது. போன் மைக்கை வைத்து, தொட்ட சத்தத்தைக் கண்டுபிடித்து ஃபீடை மாற்றலாமா? வீல் மழுங்குவதும் அதிலேயே தெரியுமா?

பதில்: போன் மைக் இதற்குச் சரிப்படாது. அது சுமார் 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். கூலன்ட் பம்ப், மோட்டார், பக்கத்து மெஷின் எல்லாம் கத்துவதும் அதே எல்லைக்குள்தான். வீல் ஓரிரு மைக்ரான் உரசுவது அதில் எங்கே கேட்கப்போகிறது? மில்லிங்கில் சேட்டர் (வெட்டும்போது வரும் அதிர்வு) பிடிக்க வேண்டுமானால் மைக் போதும்.

உங்களுக்குத் தேவை அகூஸ்டிக் எமிஷன் சென்சார். உலோகம் வெட்டுப்படும்போதும் உரசும்போதும் அதன் உடலுக்குள்ளேயே ஓடும் அலைகளை இது பிடிக்கிறது. பெரும்பாலும் 100 கிலோஹெர்ட்ஸ் முதல் 1 மெகாஹெர்ட்ஸ் வரை கவனிக்கும். மெஷின் இரைச்சல் அவ்வளவு உயரத்துக்கு அதிகம் போவதில்லை. அதனால் முதல் உரசலே தனியாகத் தெரியும்.

காசு போட்டு வாங்கிவிட்டு, ஒட்டும் இடத்தில்தான் பலர் சொதப்புகிறார்கள். ஒவ்வொரு இணைப்பைத் தாண்டும்போதும் இந்த அலை வலுவிழக்கும். ஆகவே பெட்டில் (மெஷினின் அடித்தளத்தில்) வைக்க வேண்டாம். ஜாபின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் நல்ல இடம். பெயின்டைச் சுரண்டி, தட்டையாக்கி, மெல்லிசாக கிரீஸ் தடவி இறுக்குங்கள். கூலன்ட் நேராக சென்சார் மேல் பீய்ச்சினால் அதுவும் சிக்னலாகவே பதியும்.

இடம் சரியா என்று பார்க்கப் பென்சில் போதும். மெஷினை நிறுத்திவிட்டு, மெக்கானிக்கல் பென்சிலில் 0.5 மி.மீ. 2எச் லெட்டை 3 மி.மீ. அளவுக்கு நீட்டி, ஜாபின் மேல் சாய்த்து அழுத்தி முறியுங்கள். ஹ்சு-நீல்சன் சோதனை என்பது இதுதான். அடுத்து சென்சார் பக்கத்திலேயே ஒன்று முறியுங்கள். இங்கே பெரிதாக எகிறி, ஜாபில் முறித்தபோது அசையவே இல்லை என்றால், வழியில் எங்கோ சிக்னல் செத்துப்போகிறது, இடத்தை மாற்றுங்கள்.

அப்புறம், கூலன்ட் ஓட, வீல் சுற்ற, ஜாபைத் தொடாமல் வரும் அளவைக் குறித்துக்கொண்டு, எச்சரிக்கை வரம்பை அதற்குச் சற்று மேலே வையுங்கள்.

வீல் மழுங்குவது கொஞ்சம் சிக்கலான விஷயம். வீல் வேகம், ஃபீட், ஜாபின் உலோகம் எது மாறினாலும் சிக்னல் மாறும். தனி எண்ணுக்கு அர்த்தமில்லை. டிரெஸ்ஸிங் (வீலை டைமண்டால் சீவிக் கூராக்குவது) முடிந்ததும் முதல் ஜாபின் சிக்னலைப் பதிந்து, அதே ஜாப், அதே ஃபீடில் மட்டும் ஒப்பிடுங்கள். டிரெஸ்ஸிங்கைச் சரிபார்ப்பது இதைவிடச் சுலபம். டைமண்ட் ஹோல்டரில் ஒரு சென்சார் இருந்தால், டைமண்ட் வீலின் அகலம் முழுக்கக் கடக்கையில் சிக்னல் அறுபடாமல் வரவேண்டும். நடுவில் விழுந்தால் அந்த இடத்தில் டைமண்ட் இன்னும் தொடவில்லை, இன்னொரு பாஸ் எடுங்கள்.

வாங்கும் முன் கன்ட்ரோலரில் ஸ்கிப் இன்புட் (வெளி சிக்னல் வந்ததும் ஓடும் நகர்வை நிறுத்தி அடுத்த கட்டளைக்குப் போகவைக்கும் இணைப்பு) இருக்கிறதா என்று கேளுங்கள். ஃபானுக் கன்ட்ரோலர் என்றால் அதற்கான கட்டளை ஜி31. இல்லையென்றால், விளக்கு எரிவதைப் பார்த்து ஆபரேட்டர் கையால்தான் ஃபீடை மாற்ற வேண்டியிருக்கும்.