வெளிநாட்டில் வேலைக்குப் போனால் வாழ்க்கை எளிமையாகிவிடுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். வயது 34, சென்னையில் ஐடி வேலை. வீட்டுக் கடன், கார் கடன், பிள்ளையின் பள்ளிக் கட்டணம், சனி ஞாயிறு ஆனால் யாராவது ஒருவர் வீட்டு விசேஷம். ஐரோப்பாவில் வேலை தேடிக்கொண்டால் இந்தப் பரபரப்பு குறைந்து எளிமையாக வாழலாமா என்று கேட்கிறீர்கள்.

வாழலாம். நான் கோவைக்காரி; கணவர், மகளோடு ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் மென்பொருள் சோதிக்கும் வேலை. இங்கே வந்தபின் எங்கள் வாழ்க்கை எளிமையானது உண்மை. ஆனால் அதில் எங்கள் பெருந்தன்மை எதுவும் கிடையாது. இந்த ஊரின் கூலி, கடை நேரம், பேருந்து எல்லாம் சேர்ந்து எங்களை அப்படி ஆக்கிவிட்டன. இதைப் புரிந்துகொண்டு வந்தால் ஏமாற்றம் இருக்காது.

முதலில், எந்த நாடு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டெக்சாஸ் புறநகரில் இருக்கும் என் சித்தி பையன் பால் வாங்கக்கூட காரை எடுக்க வேண்டும். வீட்டில் ஆளுக்கொரு கார், கார் நிற்க வேண்டிய கராஜ் நிறைய அட்டைப் பெட்டிகள். வளைகுடாவில் அடுக்குக் கட்டிலில் படுத்து ஊரில் தங்கைக்கு நகை சேர்க்கிறவரின் வாழ்க்கையில் பொருட்கள் குறைவுதான். அதை எளிமை என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள், சிரித்துவிடுவார். நாங்கள் முருங்கைக்காயும் சிவப்பரிசி மாவும் வாங்கும் கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதுகளில் அகதியாக வந்தவர். நான் ஒருமுறை இந்த எளிமைக் கதையை எடுத்தபோது, "பிள்ளை, நாங்கள் ஒரு பையோட வந்தனாங்கள், உங்களுக்கு அது ஃபேஷன்" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

ஜெர்மனிக்கு வருகிறேன். இங்கே எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது மனித உழைப்பின் விலை. 2026 ஜனவரி முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. வீடு துடைக்க வருகிறவருக்கும் அதுதான் அடிமட்டம், நடைமுறையில் அதற்கு மேலேயே கேட்பார்கள். பாத்திரம் தேய்க்க, துணி தேய்க்க, கார் கழுவ, காய்கறி கொண்டுவந்து கொடுக்க என்று நம் ஊரில் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் இருப்பார் இல்லையா? இங்கே அந்த ஆட்கள் எல்லாம் நீங்களேதான். இதன் விளைவு விசித்திரமானது. இரண்டாவது குளியலறை உள்ள வீட்டைப் பார்க்கும்போது "அப்பாடா, வசதி" என்று தோன்றாது. "இதையும் நான்தான் கழுவணும்" என்று தோன்றும். கண்ணாடி ஷோகேஸ் வாங்கும் ஆசை தூசி துடைக்கும் நினைப்பிலேயே போய்விடும். கோவையில் மூன்று குளியலறை வீட்டில் வளர்ந்தேன். அதில் ஒன்றைக்கூட நான் கழுவியதில்லை. காலை ஆறரைக்கு வரும் ஒரு அக்கா கழுவினார். அங்கே நாங்கள் அனுபவித்த வசதியில் பெரும்பகுதி அவருக்கு நாங்கள் கொடுத்த குறைந்த சம்பளம்தான் என்று இப்போது தெரிகிறது.

எங்கள் கட்டிடத்தில் மாடிப்படி கூட்டும் முறை வாராவாரம் ஒரு வீட்டுக்கு வரும். இந்த ஸ்வாபியப் பகுதியின் பழைய வழக்கம், பெயர் கேர்வோஹெ. முறை வந்ததும் கதவில் ஒரு சின்னப் பலகை தொங்கும். மேல் மாடியில் ஒரு மருத்துவர், கீழே லாரி ஓட்டுநர். இரண்டு பேர் கையிலும் அதே துடைப்பம். மாமியார் முதல்முறை வந்தபோது மகன் படி கூட்டுவதைப் பார்த்து ஒரு நாள் முழுக்க என்னிடம் சரியாகப் பேசவில்லை. அப்புறம் பழகிவிட்டார். இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும்: வீட்டு வேலையைக் கணவர் பங்கு போட்டுக்கொள்ளாத குடும்பத்தில் இந்த வாழ்க்கை எளிமையாக இராது. ஆபீஸ் முடிந்து வந்து மனைவி இன்னொரு ஷிப்ட் பார்ப்பார், அவ்வளவுதான். அப்படி நிறைய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் ஆணாக இருந்தால், கிளம்பும் முன்பே சென்னையில் உங்கள் வீட்டுக் கழிவறையைக் கழுவிப் பழகுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் கிடையாது. ஜெர்மனியின் முதல் குடியரசுக்காக 1919-ல் எழுதப்பட்ட வைமார் அரசியல் சட்டத்தில் ஞாயிறு ஓய்வுக்கென்று இருந்த விதி இன்றைய அரசியல் சட்டத்திலும் உயிரோடு இருக்கிறது. பெட்ரோல் பங்க், ரயில் நிலையக் கடைகள், காலையில் சில மணி நேரம் பேக்கரி, இவ்வளவுதான் திறந்திருக்கும். சுவரில் துளை போடக்கூடாது, காலி பாட்டில்களைக் கொண்டுபோய்த் தொட்டியில் போடக்கூடாது, சத்தம் வருமாம். முதலில் எரிச்சலாக இருந்தது. மால் இல்லை, டி-மார்ட் இல்லை, ஒரு மிக்சி ஜார் உடைந்தாலும் திங்கள் வரை பொறுக்க வேண்டும். பொறுத்துப் பார்த்தபோது, ஞாயிறன்று வேண்டும் என்று துடித்த பொருளில் பாதி திங்களன்று மறந்தே போயிருந்தது. ஞாயிறு மதியம் இங்குள்ளவர்கள் கிளம்பி நடப்பார்கள். எங்கே என்று கேட்டால் எங்கேயும் இல்லை, சும்மா காட்டுப் பாதையில் நடந்துவிட்டு வருவார்கள். நாங்களும் இப்போது அப்படித்தான்.

கார் எங்களிடம் இல்லை. கார் பாகம் செய்யும் கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டு கார் வாங்காமல் இருப்பதை என் டீமில் அவ்வப்போது கிண்டல் செய்வார்கள். காரணம் கொள்கை இல்லை. இந்திய ஓட்டுநர் உரிமம் இங்கே குடியேறி ஆறு மாதம் வரைதான் செல்லும். அதன்பின் எழுத்துத் தேர்வும் ஓட்டும் தேர்வும் எழுதி, வகுப்புக் கட்டணத்தோடு சேர்த்து 2,000 யூரோவுக்கு மேல் எளிதாகப் போய்விடும். இன்னொரு பக்கம், டாய்ச்லாண்ட் டிக்கெட் என்று ஒன்று இருக்கிறது. 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது, 2025-ல் 58 ஆகி, இப்போது மாதம் 63. நாடு முழுக்க உள்ளூர்ப் பேருந்து, டிராம், வட்டார ரயில் எல்லாவற்றிலும் ஏறலாம். அதிவேக ரயிலில் மட்டும் முடியாது. ஜெர்மனியில் ரயில் நிமிடம் தவறாது என்ற கதையை மட்டும் நம்பாதீர்கள். தாமதமாக வரும், சில நாள் வரவே வராது. இருந்தாலும் காப்பீடு, டயர், பார்க்கிங் என்ற ஒரு முழு அத்தியாயம் வாழ்க்கையிலிருந்து கழன்றுவிட்டது. கிராமத்தில் வேலை கிடைத்தால் இந்தக் கணக்கு மாறும். மணிக்கு ஒரு பேருந்து வருகிற ஊரில் காரில்லாமல் காலம் தள்ள முடியாது.

பொருட்கள் குறைந்ததற்கு வாடகை வீடும் ஒரு காரணம். இந்த நாட்டில் பாதிப் பேருக்கு மேல் வாடகை வீட்டில்தான் வாழ்கிறார்கள், அதில் யாருக்கும் கூச்சம் கிடையாது. பல வீடுகளைச் சமையலறை மேடைகூட இல்லாமல்தான் கொடுப்பார்கள். கூரையில் விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒயர் தொங்கும். முன்பணம் அதிகபட்சம் மூன்று மாத வாடகை. சோபா, மேசை, மகளின் சைக்கிள் எல்லாம் நாங்கள் பழையதாக வாங்கியவை. வேண்டாத புத்தகம், கோப்பை, விளையாட்டுச் சாமான்களை "எடுத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதி வாசலில் வைத்துவிடுவார்கள். கம்பெனியில் என் மேலதிகாரி அப்படி எடுத்த ஒரு விளக்கைப் பெருமையாகக் காட்டினார். நம் ஊரில் பழைய சோபா வாங்கினேன் என்று நான் சொல்லியிருந்தால் அத்தை அம்மாவுக்கு போன் போட்டிருப்பார்.

உண்மையில் எனக்குப் பெரிய விடுதலை இந்த அத்தை விஷயத்தில்தான். நம் செலவில் எவ்வளவு நாலு பேருக்காகச் செய்வது என்று தூரமாக வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிகிறது. மொய், சீர், வளைகாப்புக்கு ஒரு பட்டு, கிரகப்பிரவேசத்துக்கு ஒரு பட்டு, போன கல்யாணத்தில் போட்ட ஆரத்தையே இதற்கும் போடலாமா என்ற யோசனை. இங்கே அலுவலகத்துக்கு மூன்று ஜீன்ஸில் வருடம் ஓடுகிறது. பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு வயது எத்தனையோ அத்தனை நண்பர்களை அழைப்பது இங்கே பலர் வைத்திருக்கும் கணக்கு. மகளின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு ஐந்து குழந்தைகள், ஒரு கேக், ஒரு பூங்கா. ஆனால் எச்சரிக்கை: தமிழ்க் குடும்பங்கள் ஐம்பது சேர்ந்த ஊரில் அந்த நாலு பேர் மறுபடி முளைத்துவிடுவார்கள். யார் வீடு வாங்கினார்கள், யார் பிள்ளை நான்காம் வகுப்பு முடிந்து, பல்கலைக்கழகப் படிப்புக்குக் கொண்டுபோகும் கிம்னாசியம் பள்ளிக்குப் போகிறான் என்பதெல்லாம் பொங்கல் விழாவிலேயே ஓடும்.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐடி சம்பளம் வாங்கும் தனி ஆளுக்கு வரியும் காப்பீடுகளுமாகச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பிடித்துவிடுவார்கள். முதல் சம்பளச் சீட்டைப் பார்த்து எல்லோரும் ஒருமுறை உட்கார்ந்துவிடுவோம். அந்தப் பிடித்தத்தில் மருத்துவம் இருக்கிறது, அரசுப் பள்ளி இலவசம், உடம்பு சரியில்லாமல் போனால் ஆறு வாரம் வரை கம்பெனி முழுச் சம்பளம் தர வேண்டும். போதிய காலம் வேலையின்மைக் காப்பீட்டுச் சந்தா கட்டியிருந்து வேலை போனால், குழந்தை உள்ளவருக்குக் கையில் வாங்கிய சம்பளத்தில் 67 சதவீதம் சில மாதங்களுக்குக் கிடைக்கும், குழந்தை இல்லாதவருக்கு 60. சட்டப்படி வாரம் ஐந்து நாள் வேலைக்கு வருடத்தில் குறைந்தது 20 நாள் விடுப்பு, பெரும்பாலான கம்பெனிகளில் 30 வரை போகும். ஊரில் நாங்கள் "ஒரு அவசரம்னா?" என்று சேர்த்துக்கொண்டே இருந்தோமே, அந்த அவசரங்களில் பலவற்றுக்கு இங்கே ஏற்கெனவே பதில் இருக்கிறது. அதனால் குறைவாகச் சேர்த்தாலும் தூக்கம் வருகிறது. விசா வேலையோடு கட்டப்பட்டிருக்கும் முதல் சில ஆண்டுகளில் மட்டும் அந்தத் தூக்கம் அவ்வளவு ஆழமாக இருக்காது.

எளிமை துளியும் இல்லாத இடம் காகிதம். வீடு மாறினால் இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். டிவி இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம். எல்லாம் தபாலில் வரும், எல்லாம் ஜெர்மனில் வரும், பதில் போடத் தவறினால் அடுத்த கடிதம் கொஞ்சம் கடுமையாக வரும். வீட்டில் நகைப்பெட்டி இருந்த இடத்தில் இப்போது தடித்தடியாகக் கோப்புகள். இதோடு ஊரிலும் ஒரு வாழ்க்கையை ஓட்டுகிறவர்களுக்கு இரட்டைச் சுமை. இங்கே பழைய சோபாவில் உட்கார்ந்துகொண்டு கோவை சரவணம்பட்டியில் ஃப்ளாட்டுக்குத் தவணை கட்டுவது, வாடகைக்காரர் குழாய் ரிப்பேருக்கு வாட்ஸப்பில் படம் அனுப்புவது, இரண்டு நாட்டு வரிக் கணக்கு. என் நண்பர்கள் பாதிப் பேர் இப்படித்தான். அவர்கள் எளிமையை ஒரு நாட்டில் வைத்துக்கொண்டு சிக்கலை இன்னொரு நாட்டுக்கு ஏற்றுமதி செய்திருக்கிறார்கள்.

அப்பா அம்மா விஷயத்தை எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியவில்லை. அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்தபோது மருத்துவமனையில் ராத்திரி உட்கார்ந்திருந்தது என் தம்பி. நான் வீடியோ காலில் இருந்தேன். எனக்கு வார இறுதி காலியாக இருக்கிறது என்றால், அதில் ஒரு பகுதி அவன் என் பங்கையும் சேர்த்துச் செய்வதால்தான். உடன்பிறந்தவர் யாராவது ஊரில் இருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. சம்பளப் பேச்சுக்கு முன்னால் அவர்களிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

அப்படியும் வருவதாக முடிவு செய்தால் சில விஷயம். ஜெர்மன் மொழியைச் சென்னையிலேயே பி1 என்ற நடுத்தர நிலை வரை படியுங்கள். ஐடி வேலைக்கு ஆங்கிலம் போதும், தபாலில் வரும் கடிதத்துக்குப் போதாது. பெரிய நகரத்தின் நடுவில் வீடு தேடி அலையாமல், டிராம் போகிற பக்கத்து ஊர்களைப் பாருங்கள். சென்னையிலிருந்து பாத்திரம் பண்டம் எல்லாம் கப்பலில் ஏற்ற வேண்டாம். குக்கர், தோசைக்கல், மிக்சி போதும். பிள்ளை பள்ளி வயதுக்குக் கீழே என்றால் முகவரி கிடைத்த உடனே கிண்டர்கார்ட்டனுக்கு எழுதிப் போடுங்கள். இடம் கேட்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது, ஆனால் எங்கள் பக்கம் வீடு கிடைப்பதைவிட அந்த இடம் கிடைப்பது கஷ்டம்.