டெங்குவில் பிளேட்லெட்டை மட்டும் பார்த்தால் போதுமா?

கேள்வி: உசிலம்பட்டியில் இருக்கும் தங்கைக்கு டெங்கு, இன்று நாலாம் நாள். பிளேட்லெட் 62,000. மதுரைக்குக் கூட்டி வந்துவிடலாமா? சீரியஸ் ஆகுமா என்பதை முன்பே காட்டும் ரத்தப் பரிசோதனை எது?

62,000-ஐ மட்டும் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. அதே சிபிசி (ரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை) ரிப்போர்ட்டில் பிசிவி அல்லது ஹெமடோகிரிட் என்று ஒரு வரி இருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

டெங்குவில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் ரத்தப்போக்கு இல்லை, கசிவு. ரத்தக் குழாய்கள் கசிந்து, ரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றிலும் நுரையீரலைச் சுற்றியும் போய்த் தேங்குகிறது. குழாய்க்குள் மிஞ்சும் ரத்தம் வற்றிய குழம்பு மாதிரி கெட்டிப்படும். அந்தக் கெட்டியைச் சொல்வதுதான் பிசிவி. காய்ச்சலின் ஆரம்பத்தில் இருந்ததைவிட 20 சதவீதம் ஏறினால் கசிவு கணிசமானது என்று அர்த்தம். முதலில் 35 என்றால், 42-ஐத் தொடும்போது.

நம் ஊரில் தவறு நடப்பது இங்கேதான். ரத்தசோகை உள்ள பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 10, பிசிவி 30 இருக்கும். அது 36 ஆனால் 20 சதவீத ஏற்றம். ஆனால் லேப் தாளில் 36 'நார்மல்' எல்லைக்குள் வந்துவிடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். அதனால்தான் முதல் இரண்டு நாளுக்குள் எடுத்த சிபிசி தங்கம் மாதிரி. அது இல்லையென்றால் பிரசவ நேரத்து ரிப்போர்ட்டாவது தேடி எடுங்கள். பழைய ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்கினால் உத்தேச பிசிவி கிடைக்கும்.

எண்கள் மாறும் வரிசையும் முக்கியம். பொதுவாக வெள்ளையணு முதலில் 5,000-க்குக் கீழே போகும், அடுத்து பிளேட்லெட் சட்டென்று விழும், பிறகு பிசிவி ஏறும். பிளேட்லெட் விழ விழ பிசிவி ஏறுகிறதென்றால் அன்றே அட்மிட் ஆக வேண்டும். இது நடப்பது மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், அதுவும் காய்ச்சல் இறங்கும்போது. 'காய்ச்சல் விட்டிருச்சு' என்று நிம்மதியாகிற அந்த 24 முதல் 48 மணி நேரம்தான் கண்டம்.

தங்கை தெம்பாக, சாப்பிட்டுக்கொண்டு, பிசிவி ஏறாமல் இருந்தால் உசிலம்பட்டியிலேயே டாக்டர் பார்வையில் தினம் ஒரு சிபிசி போதும். விடாத வாந்தி, வயிற்றுவலி, ஈறில் ரத்தம், கை கால் ஜில்லிடுவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் வராதது, பிபியின் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி 20 அல்லது அதற்கும் குறைவு - இதில் ஒன்று இருந்தாலும் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள். முதலில் பக்கத்து அரசு மருத்துவமனையில் டிரிப் ஏற்றிக்கொண்டு, பிறகு 108-இல் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு. சுமார் 40 கிலோமீட்டரை டிரிப் இல்லாமல், காரில் சாய்ந்தபடி கடப்பது ஆபத்து.

ஒரே லேபில் எடுங்கள், மெஷினுக்கு மெஷின் எண் மாறும். டிரிப் ஓடும் கையில் ரத்தம் எடுத்தால் எல்லாமே நீர்த்துக் காட்டும். ரத்தம் டியூபில் கட்டி தட்டினால் பிளேட்லெட் பொய்யாகக் குறையும். திடீரென 20,000 என்று வந்தால் ஸ்லைடு போட்டு மைக்ராஸ்கோப்பில் எண்ணச் சொல்லுங்கள். ரத்தக்கசிவு இல்லாதபோது பிளேட்லெட் ஏற்றுவதைப் பற்றிப் பொதுவாக 10,000-க்குக் கீழே போனால்தான் யோசிப்பார்கள். பிசிவி இறங்குவதும் எப்போதும் நல்ல செய்தி இல்லை: நாடி வேகமாகி பிபி விழும்போது அது இறங்கினால், உள்ளே ரத்தம் போகிறது.

மற்ற ரத்தப் பரிசோதனைகள் துணைக்குத்தான். கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிஓடி அல்லது எஸ்ஜிபிடி 1,000-ஐத் தொட்டால் அதுவே தீவிர டெங்கு. ரத்தத்திலுள்ள ஆல்புமின் என்ற புரதம் குறைவது கசிவுக்குச் சாட்சி. உடலின் அழற்சியைக் காட்டும் சிஆர்பி மிக அதிகமென்றால், சிற்றுண்ணி கடியால் வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலும் சேர்ந்திருக்கிறதா என்று அக்குள், இடுப்பு மடிப்புகளில் கறுத்த பொருக்கைத் தேடச் சொல்லுங்கள். கைமேஸ், ஆஞ்சியோபொயட்டின்-2 போன்ற பரிசோதனைகள் ஆராய்ச்சி அளவில்தான் இருக்கின்றன. டெங்குவா என்று கண்டுபிடிக்கும் என்எஸ்1 பரிசோதனையைத் திரும்ப எடுப்பது வீண் செலவு.

வலிக்கு பாராசிட்டமால் மட்டும். டைக்ளோஃபெனாக், புரூஃபென், இடுப்பில் ஊசி எதுவும் வேண்டாம்.

தேறும்போது வெள்ளையணு முதலில் ஏறும், பிளேட்லெட் பின்னால் வரும். பிசிவி நிலைத்து, சிறுநீர் தாராளமாகப் போனால் டிரிப்பை நிறுத்தலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வெளியே போன நீர் தானே ரத்தத்துக்குத் திரும்பும் நேரம் அது. அப்போதும் பாட்டில் ஏறிக்கொண்டே இருந்தால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும்.