வாசகர் கேள்வி – பதில்: எண்ணெயும் முத்தும் மின்னும் விதம்

கேள்வி: குவைத் கலைஞர் மோனிரா அல் காதிரியின் சிற்பங்கள் கடல்வாழ் உயிரினங்கள் போலத்தான் தெரிகின்றன. ஆனால் இவை பெட்ரோலிய எண்ணெயைப் பற்றியவை என்கிறார்கள். இவற்றில் எண்ணெய் எங்கே இருக்கிறது?

பதில்: அவற்றில் பல, எண்ணெய்க் கிணறு தோண்டும் துளைமுனைகளின் வடிவங்கள். பல் வைத்த மூன்று கூம்புகள் ஒன்றையொன்று பார்த்துச் சுழன்று பாறையை நொறுக்கும் ‘ட்ரைகோன்’ முனையை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள், பவளமோ ஆழ்கடல் பிராணியோ என்றுதான் தோன்றும். 2014-இல் அவர் செய்த ‘ஏலியன் டெக்னாலஜி’ இப்படிப்பட்ட முனை ஒன்றின் பிரம்மாண்ட வடிவம்.

ஆனால் வடிவத்தைவிட வண்ணத்தில்தான் விஷயம் இருக்கிறது. குவைத்தில் எண்ணெய்க்கு முந்தைய பெருந்தொழில் முத்துக்குளிப்பு. மோனிராவின் தாத்தா முத்துப் படகில் பாடகராக இருந்தவர். ஜப்பானின் வளர்ப்பு முத்து சந்தையைப் பிடித்ததும் அந்தத் தொழில் நொடித்தது. 1938-இல் குவைத்தின் புர்கானில் எண்ணெய் கிடைத்தது, 1946-இல் ஏற்றுமதி தொடங்கியது. முத்தின் மேற்பரப்பும் தண்ணீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலமும் வானவில்லாக மின்னக் காரணம் ஒன்றே: மெல்லிய அடுக்கின் மேல்புறமும் அடிப்புறமும் திருப்பியனுப்பும் ஒளி ஒன்றோடொன்று கலப்பதுதான். நிறம் மாறும் கார் பெயிண்டும் அப்படியே. மோனிரா தன் சிற்பங்களுக்கு அந்த பெயிண்டை எடுத்தது வெறும் அலங்காரத்துக்காக அல்ல.

1991 வளைகுடாப் போரின்போது குவைத்தில் எரிந்த அறுநூற்றுக்கும் மேற்பட்ட கிணறுகளைப் பற்றியது அவருடைய ‘பிஹைண்ட் தி சன்’ (2013) வீடியோ. புதிதாகப் பார்ப்பவர்கள் அதிலிருந்து தொடங்கலாம்.

கேள்வி: 3டி பிரிண்ட் செய்த உருவத்துக்கு அதே நிறம் மாறும் பெயிண்ட் அடித்தேன். சாம்பல் பூத்ததுபோல் வெளிறிவிட்டது. ஏன்?

பதில்: அடியில் கறுப்பு இல்லை, அல்லது பிரைமரின் மேலேயே அடித்திருக்கிறீர்கள். நிறமித் துகள்கள் ஒரு பகுதி ஒளியை மட்டுமே திருப்புகின்றன. மீதி ஊடுருவிக் கீழே போகிறது. கறுப்பு அதை விழுங்கிவிடும். வெள்ளையோ சாம்பலோ திருப்பி அனுப்பி நிறத்தைக் கலைத்துவிடும்.

முதலில் பிரிண்டின் அடுக்குக் கோடுகளைப் பட்டி போட்டு 240 எண் உப்புத்தாளால் தேயுங்கள். பிரைமருக்குப் பின் 400, அடுத்து 800. கோடு தடவும்போது விரலில் தட்டுப்படாவிட்டாலும் பளபளப்பு வந்ததும் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே அவசரம் வேண்டாம். பிறகு கறுப்பு பேஸ் (அடிப்பூச்சு). அதன்மேல், ஒரு லிட்டர் நிறமற்ற பேஸுக்கு சுமார் 25 கிராம் நிறம் மாறும் நிறமி கலந்து, 15–20 செ.மீ. தூரத்திலிருந்து நான்கைந்து மெல்லிய பூச்சு. இடையில் பத்து நிமிடம் காயட்டும். ஒரே பூச்சில் கனமாக அடித்தால் துகள்கள் மிதந்து திட்டுத்திட்டாகும். கடைசியில், ஹார்டனர் (இறுக வைக்கும் திரவம்) கலந்து அடிக்கும் இரண்டு கூறு கிளியர் கோட், அதாவது நிறமற்ற மேல்பூச்சு. இதன் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற, மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் வேதிப்பொருள் உண்டு. துணி மாஸ்க் அதைத் தடுக்காது. வெளிக்காற்று ஊட்டும் முகமூடியில்லாமல் அடிக்காதீர்கள். சீக்கிரம் காயட்டும் என்று வெயிலிலோ சூடேற்றியோ வைக்கவும் வேண்டாம், 3டி பிரிண்டுக்குப் பரவலாகப் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸ் அருகிலேயே இளகிவிடும்.

கேள்வி: மோனிராவின் ‘ஆர்-பிட்’ சிற்பங்கள் அந்தரத்தில் மிதப்பது எப்படி?

பதில்: காந்தத்தால். நிலையான காந்தங்களை மட்டும் வைத்து ஒரு பொருளை அந்தரத்தில் நிறுத்த முடியாது, பக்கவாட்டில் சரிந்துவிடும். இதுபோன்ற பீடங்களில் உள்ள சென்சார் சரிவை உணர்ந்து மின்காந்தச் சுருள்களை நொடிக்குப் பலமுறை திருத்துகிறது. நீங்கள் செய்வதானால் உருவத்தை உள்ளே காலியாக, மெல்லிய சுவரோடு அச்சிடுங்கள். எடைமையம் காந்தத்துக்கு நேர் மேலே இருக்கட்டும். பெயிண்டுக்கும் எடை உண்டு, அதையும் சேர்த்தே கணக்கிடுங்கள். மின்சாரம் போனால் உருவம் பீடத்தில் அறைந்து ஒட்டிக்கொள்ளும். யுபிஎஸ் இல்லாமல் காட்சிக்கு வைக்காதீர்கள்.