ஷார்ட்ஸ்டாப்பிலிருந்து கேட்சர்: இன்னும் நேரம் இருக்கிறது

வணக்கம் நண்பரே. கல்லூரி பேஸ்பால் அணியில், இரண்டாம் ஆண்டில் பயிற்சியாளர் உங்கள் மகனை ஷார்ட்ஸ்டாப்பிலிருந்து (இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு நடுவே நிற்கும் களவீரர்) கேட்சராக (மட்டையாளருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவர்) மாற்றிவிட்டார், மேஜர் லீக் (அமெரிக்காவின் உச்ச தொழில்முறை பேஸ்பால்) கனவு அவ்வளவுதானா என்று கேட்டிருந்தீர்கள். இல்லவே இல்லை. பஸ்டர் போஸி இதே வழியில் வந்தவர்தான். ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் முதல் ஆண்டு ஷார்ட்ஸ்டாப், இரண்டாம் ஆண்டில், 2007-இல், கேட்சர். 2008 டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அவரை ஐந்தாவது ஆளாக எடுத்தது. 2009 செப்டம்பரில் மேஜர் லீக்கில் முதல் ஆட்டம். அப்படியும் 2010 சீசனை டிரிபிள்-ஏ (மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழே, மைனர் லீக்கின் உச்ச நிலை) அணியான ஃப்ரெஸ்னோவில்தான் தொடங்கினார். மே கடைசியில் மேலே அழைத்தார்கள். அந்த ஆண்டே சிறந்த புதுமுக வீரர் விருது, உலகத் தொடர் (மேஜர் லீக் இறுதித் தொடர்) வெற்றி இரண்டும் கிடைத்தன.

அந்த வேகம் எல்லோருக்கும் வராது. கேட்சர் மைனர் லீக்கில் கூடுதல் காலம் இருப்பது சகஜம். தன் அணிப் பந்துவீச்சாளர் ஒவ்வொருவரின் போக்கும் அவனுக்குப் பிடிபட வேண்டும், தரையில் குத்தி வரும் பந்தை உடம்பால் மறிக்கப் பழக வேண்டும். ஷார்ட்ஸ்டாப்பில் வளர்ந்த கைவேகமும் எறியும் வலுவும் இங்கே நன்றாக உதவும்.

நான்காண்டுக் கல்லூரி மாணவர்கள் பொதுவாக மூன்றாம் ஆண்டு முடிந்தபின்தான் டிராஃப்டுக்குத் தகுதி பெறுவார்கள். ஆகவே உங்கள் மகனுக்கு இன்னொரு முழு சீசன் கையில் இருக்கிறது. அப்புறம், முழங்கால்களை இப்போதிருந்தே கவனிக்கச் சொல்லுங்கள்.